கேரவனில் காவிரிக் கடைமடை: பிச்சாவரத்திலிருந்து கோடியக்கரை வரை பெரியவர்களோடு ஏழு நாள் போக முடியுமா?

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். 72 வயது அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பிச்சாவரத்தில் தொடங்கிக் கோடியக்கரை வரை கடலோரமாக ஏழு நாள் ஆற அமரப் போக முடியுமா? இரவில் கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தித் தூங்கலாமா? டிசம்பர் விடுமுறையில் வரலாமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் அம்மா நான்கு வருடமாக எங்கேயும் வருவதில்லை, அப்படியே வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறையில் வேன் ஓட்டத் தொடங்கி 24 வருடம் ஆகிறது. முதலில் நவக்கிரகக் கோயில் சுற்றும் வேன், பிறகு வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும் யாத்திரைக் குடும்பங்கள், அப்புறம் டெல்டாவில் படம் எடுக்க வரும் குழுக்களுக்குக் கேரவன். கடந்த ஐந்தாறு வருடமாகத்தான் குடும்பங்களும் கேரவன் கேட்டு வருகிறார்கள். சாலை, வண்டி, தண்ணீர், இரவு நிறுத்தம் இந்த நான்கையும் உறுதியாகச் சொல்வேன். மழையும் சாலை வேலையும் வருடத்துக்கு வருடம் மாறும் விஷயம். அம்மாவின் முழங்காலுக்கு எவ்வளவு நடை தாங்கும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பயணம் முடியும், நன்றாகவே முடியும். கடற்கரை மணலில் வண்டியை நிறுத்தித் தூங்குவது முடியாது, கூடாது. டிசம்பரில் கடைசி வாரம் வேண்டுமானால் யோசிக்கலாம், பொங்கலுக்குப் பிறகு என்றால் நான் யோசிக்கவே சொல்ல மாட்டேன், கிளம்புங்கள் என்பேன்.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரை அந்த வண்டிக்குள் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கேரவன் என்றால் கழிப்பறை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதற்கு ஏறும் படியைப் பற்றிக் கேட்பதில்லை. பல வண்டிகளில் முதல் படி தரையிலிருந்து ஒன்றேகால் அடிக்கு மேல் இருக்கும். கழிப்பறைக் கதவு குறுகல். உள்ளே திரும்பி உட்காரப் பிடிமானம் இருக்காது. முழங்கால் வலிக்காரர் ஒரு நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். வாசலுக்கு அருகில் கையால் பிடிக்கக் கம்பி இருக்கிறதா, கழிப்பறைச் சுவரில் ஒரு பிடி பொருத்தித் தருவார்களா என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேளுங்கள். பிடி பொருத்துவது அரைமணி நேர வேலை. கீழே போட ஒரு அகலமான பலகை முக்காலியைத் தச்சரிடம் சொல்லி ஆறங்குல உயரத்தில் செய்துகொள்ளுங்கள். என் வண்டியில் எப்போதும் ஒன்று கிடக்கும். பாட்டிகள் வண்டியைவிட்டு இறங்கும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று, உங்கள் ஊரான கோயம்புத்தூரிலிருந்தே கேரவனில் வராதீர்கள். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி ரயில் இருக்கிறது. காலையில் ஏறினால் மதியத்துக்குப் பிறகு இங்கே இறங்கலாம், ரயிலில் கழிப்பறையும் உண்டு. வண்டியை நேராக மயிலாடுதுறைக்கு வரச் சொல்லிவிடுங்கள். ஓடுகிற கேரவனில் படுக்கையில் படுத்துக்கொண்டு வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆபத்து. வண்டி நகரும்போது எல்லோரும் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், பிள்ளைகளை மேல் படுக்கையில் ஏற்றவே கூடாது. அப்படி உட்கார்ந்தே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வருவதற்கு ரயில் எவ்வளவோ மேல்.

இங்கே வந்த பிறகு தூரம் ஒரு பொருட்டே இல்லை. சிதம்பரத்திலிருந்து சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை என்று கடலை ஒட்டியே வந்தாலும் மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். கார் வைத்திருப்பவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். ஏழு நாளில் பிரித்தால் நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அதனால் தினமும் வண்டியை நகர்த்தத் தேவையில்லை. சிதம்பரத்தில் இரண்டு இரவு, தரங்கம்பாடிப் பக்கம் இரண்டு இரவு, வேளாங்கண்ணிப் பக்கம் ஒன்று, வேதாரண்யத்தில் ஒன்று என்று நான்கே இடத்தில் கேரவனை ஊன்றிவிட்டு, சுற்றிப் பார்க்க ஆட்டோவோ உள்ளூர் காரோ வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் சாலைகள்.

டெல்டாவில் உள்சாலை என்றால் பெரும்பாலும் ஆற்றங்கரை, இல்லையென்றால் வாய்க்கால் கரை. கல்லணையில் பிரியத் தொடங்கும் தண்ணீர் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், திருமலைராஜன் ஆறு என்று கிளைத்துக்கொண்டே கடலுக்கு வருகிறது. அதனால் சிறிது தூரத்துக்கு ஒரு பாலம், இரண்டு வயலுக்கு ஒரு மதகு. பழைய பாலங்கள் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் இடப்பக்கச் சக்கரம் கரை மண்ணில் இறங்கும். இது களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் வெண்ணெய். ஒரு மார்கழியில் திருக்கடையூருக்கு மேற்கே இப்படி ஒதுங்கியபோது என் கேரவன் வாய்க்கால் பக்கம் சரிந்து நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நடவுக்கு வந்திருந்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்து இருவரையும் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அறுவடை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுக்க மூன்று மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கேரவனை முதன்மைச் சாலையைவிட்டு இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உயரமும் ஒரு பிரச்சினை. கேரவன் பத்தடிக்கு மேல் இருக்கும், கூரையில் ஏசி இருந்தால் இன்னும் கூடும். ஊர் முகப்பு வளைவு, தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர், கோயில் வாசல் பந்தல் எல்லாம் அதைவிடத் தாழ்வாக இருக்கும் ஊர்கள் நிறைய.

தை, மாசியில் வந்தால் இன்னொன்றும் பார்ப்பீர்கள். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் கோபப்படுகிறார்கள், காரணம் தெரிந்தால் கோபம் வராது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நெல்லை எடுப்பதில்லை. சில ஆண்டுகள் மழையைப் பார்த்துத் தளர்த்துவார்கள். களம் இல்லாத விவசாயிக்குத் தார்ச்சாலைதான் களம். நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், இரவில் அந்தக் கல் தெரியாது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு கேரவனை ஓட்டக் கூடாது. வைக்கோல் பரப்பிய சாலையில் வண்டியை ஏற்றி நிறுத்தவும் கூடாது. வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். இது நடந்திருக்கிறது.

இனி இரவு நிறுத்தம். கடற்கரையில் கூடாது என்று சொன்னதற்கு மூன்று காரணங்கள். முதலாவது மணல், கனமான வண்டி ஓரடி புதைந்தால் ஆளைக் கூப்பிட்டுத் தள்ளி எடுக்க முடியாது. இரண்டாவது பாதுகாப்பு. இது இலங்கைக்கு எதிர்க்கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துப் போலீஸ் இரவில் ரோந்து வருவார்கள், அடையாளம் தெரியாத வண்டி கரையில் நின்றால் எழுப்பி விசாரிப்பார்கள், விசாரிப்பது அவர்கள் கடமை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நமக்குக் கடற்கரையாகத் தெரிவது மீனவர்களுக்கு வீட்டு முற்றம். விடிவதற்கு முன்னே படகு தள்ளும் இடம், வலை உலர்த்தும் இடம், பெண்கள் கருவாடு காயவைக்கும் இடம். அங்கே போய் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கேட்காமல் பாய் விரிப்பதைப் போன்றது.

கேரவனுக்கென்றே மின் இணைப்பும் கழிவுநீர்க் குழியும் வைத்த நிறுத்துமிடத்தை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையே அறிவித்தது. இங்கே நாமாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எனக்குக் கைகொடுப்பது கல்யாண மண்டபங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் சும்மா கிடக்கும். சுற்றுச்சுவர், காவலாளி, பெரிய முற்றம், தண்ணீர், மின்சாரம், மணமகள் அறையில் வெஸ்டர்ன் கழிப்பறை, சமையல்கட்டு எல்லாம் இருக்கும். மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை எந்த ஊரிலும் மண்டபம் கிடைக்கும். தை பிறந்துவிட்டால் முகூர்த்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அந்தத் தேதிகளைத் தவிர்த்துக் கேட்க வேண்டும். மண்டபம் அமையாவிட்டால் யாத்திரைப் பேருந்துகள் நிற்கும் முற்றம் உள்ள பெரிய விடுதிகள். அங்கே அப்பா அம்மாவுக்கு ஒரு கீழ்த்தள அறை எடுத்துவிட்டு மற்றவர்கள் கேரவனில் படுத்துக்கொள்வது நல்ல வழி. ஏசி ஓட்டுவதற்குச் சாதாரண பிளக் பாயிண்ட் போதாது, 15 ஆம்பியர் இணைப்பு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஒயர் உங்கள் வண்டியிலிருந்து எட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கேரவன் தொட்டி வண்டிக்கு வண்டி மாறும், நான் ஓட்டியவற்றில் நூறு லிட்டரிலிருந்து இருநூறு லிட்டர் வரை. ஆறு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தாலே நூறு லிட்டர் போய்விடும். அதனால் குளியலை மண்டபத்திலோ விடுதியிலோ முடித்துவிட்டு, கேரவன் தண்ணீரைக் கழிப்பறைக்கும் கைகழுவவும் மட்டும் வையுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. வேதாரண்யம் பக்கத்துக்கே கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் தண்ணீர் வருகிறது. கண்ட கைப்பம்பில் பிடித்துத் தொட்டியை நிரப்பினால் பம்பும் ஹீட்டரும் அரித்துப் போகும், பிள்ளைகள் வாயும் கொப்பளிக்க முடியாது. மயிலாடுதுறை, சீர்காழி போன்ற உள் ஊர்களில் நல்ல தண்ணீர் கிடைக்கும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். குடிக்க இருபது லிட்டர் கேன் தனி.

கழிவுத் தொட்டி நிறையும்போது ஓட்டுநர் "எங்காவது ஒதுக்குப்புறமாகத் திறந்துவிடலாம் சார்" என்பார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இது கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கடைசிப் பகுதி. இங்கே இறங்கும் எதுவும் கீழே இன்னொருவர் குளத்துக்குப் போகும், அதற்குப் பிறகு கடலுக்குப் போகும். அந்த வாய்க்காலில் மாடு குடிக்கிறது, பெண்கள் குளிக்கிறார்கள், நாற்றுக்குப் பாய்கிறது. ஒவ்வொரு வருடமும் மேட்டூரில் திறந்த தண்ணீர் பூம்புகாருக்கு அருகே மேலையூர்க் கடைமடைக் கதவணைக்கு வந்து சேரும் நாளில், விவசாயிகள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். அந்தத் தண்ணீரில் நம் கழிவைத் திறந்துவிட மனம் வரக் கூடாது. நகராட்சி உள்ள ஊரில் கழிவுநீர் லாரி கிடைக்கும், மண்டபத்துக்காரரே போன் செய்து வரவழைத்துத் தருவார். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை காலி செய்யும்படி திட்டமிட்டால் சரியாக இருக்கும். அம்மா தயங்காமல் பயன்படுத்த வேண்டுமென்றால் தொட்டி நிறைந்துவிடுமோ என்ற கவலை அவர் காதில் விழவே கூடாது.

இனி வழி. சிதம்பரத்தில் கேரவனை நிறுத்திவிட்டுக் காலை வெயிலுக்கு முன் ஆட்டோவில் பிச்சாவரம் போங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள், அதுதான் சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் சத்தமில்லாமல் நுழையும். படகில் ஏறும் இடத்தில் அம்மாவுக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அந்தக் காட்டில் தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல், பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு, நாலரை வரை இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் அதுதான் வழக்கம். காரில் வருபவர்கள் அந்த நேரத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வெயிலில் தவிப்பார்கள். உங்களுக்குக் கேரவன் இருக்கிறது. சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே பெரியவர்கள் இரண்டு மணி நேரம் கண்ணயரலாம். கேரவனுக்குக் கொடுக்கும் காசு இந்த மதியத் தூக்கத்திலேயே வசூலாகிவிடும் என்று என் வண்டியில் வந்த ஒரு தாத்தா சொன்னார்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி, அங்கிருந்து பூம்புகார். விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான நான்குவழிச் சாலை வேலை பல வருடமாக நடந்துவருகிறது. எந்தத் துண்டு திறந்திருக்கிறது, எங்கே சுற்றிவிடுவார்கள் என்பதைக் கிளம்பும் வாரத்தில் உள்ளூர் ஓட்டுநரிடம் கேளுங்கள், போன வருடத்துத் தகவலை நம்பாதீர்கள். பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்க ஆசையோடு வருபவர்கள் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு வருவதால் அது கடைசியில் சிறிய ஆறாகத்தான் வந்து சேரும். இதை முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி, அந்தத் தண்ணீர் எத்தனை வயலைக் கடந்து வந்தது என்று விளக்கினால் பார்க்கும் பார்வை மாறும். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறந்தது. கண்ணகி கதையைச் சுவரில் சிற்பமாகச் செதுக்கியிருப்பதால் பிள்ளைகளுக்குத் தாத்தாவே கதை சொல்லிக்கொண்டு நடக்கலாம். பக்கத்தில் கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையையும் விட்டுவிடாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் சங்கமத்தில் கூட்டம் நெருக்கும், அன்றைக்குப் பூம்புகார் வேண்டாம்.

தரங்கம்பாடிக்கு இரண்டு இரவு சொன்னதற்குக் காரணம், உங்கள் அம்மாவால் நடந்தே பார்க்க முடிகிற ஊர் அது. ஊர் வாயிலில் இருந்து கோட்டை வரை ஒரே நேர்த்தெரு, சமதளம், உட்கார இடம் உண்டு. டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு ஊரையே விற்றார்கள். சீயோன் தேவாலயம் 1701, புதிய எருசலேம் தேவாலயம் 1718. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, இங்கேயே அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கடல் அரித்து முன்பகுதி போய்விட்டது, மீதியைக் கல் கொட்டிக் காத்து வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கோயில் திண்டில் உட்கார்ந்தால் கடல் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. நான் பயணிகளை இறக்கிவிட்டு அங்கேதான் போய் உட்காருவேன்.

நண்டலாற்றைத் தாண்டியதும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வாடகை வண்டியின் பெர்மிட் அங்கே செல்லுமா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். டீசல் பெரும்பாலும் தமிழ்நாட்டைவிட விலை குறைவு, தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். மதுபாட்டில் எதையும் வண்டியில் வைத்திருக்காதீர்கள், தெற்கே வாஞ்சூரில் சோதனை இருக்கும். காரைக்கால் அம்மையார் கோயிலைப் பார்த்துவிட்டு நகரலாம். திருநள்ளாறு போவதென்றால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மற்ற நாளில் நின்று நிதானமாகத் தரிசிக்கலாம்.

நாகூர் தர்காவுக்கு மாலை நேரம் போங்கள். எல்லா மதத்தாரும் வந்து போகும் இடம். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. வியாழன் இரவில் கூட்டம் அதிகம். கடைத்தெருவில் இறால் வைத்துச் சுடும் வாடா கிடைக்கும், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களிலும் கேரவனைத் திருப்பக்கூட இடம் இருக்காது. மற்ற நாளில் யாத்திரை விடுதிகளின் முற்றங்கள் நிறைய, நிறுத்த எளிதான ஊர்.

டிசம்பர் என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை, கரையில் பூவும் பாலும் ஊற்றி அழுவார்கள். அன்று நீங்கள் இந்தக் கரையில் இருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, ஓரமாக நின்று பிள்ளைகளோடு கும்பிட்டுவிட்டு வாருங்கள். யாரும் உங்களை அந்நியராக நினைக்க மாட்டார்கள்.

வேதாரண்யத்தில் உப்பளங்கள் தொடங்கும். ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கிளம்பி நடந்து வந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு எடுத்துக் கைதானார். அகஸ்தியன்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. மழைக்காலத்தில் பாத்திகள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும், வெயில் ஏறிய பிறகுதான் உப்பு வாருவதைப் பார்க்கலாம். கேரவனை வேதாரண்யத்திலேயே விட்டுவிட்டு, விடிகாலையில் காரில் கோடியக்கரை போங்கள். 1967-இல் சரணாலயமான இடம், வனத்துறை வாயிலில் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும். புல்வெளியில் வெளிமான் கூட்டமும் மட்டக்குதிரைகளும் மேயும். சதுப்பில் பூநாரைகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இருக்கும், எண்ணிக்கை அந்த வருடத்து மழையைப் பொறுத்தது, பார்த்தே தீருவீர்கள் என்று உறுதி தர முடியாது. குரங்குகள் உண்டு, கையில் பையோடு நடக்காதீர்கள்.

மாதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையேறியது, அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் வேண்டவே வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம் பல வருடங்களில் தெளிவாக இருக்கும், சில வருடங்களில் இருக்காது. பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால், ஐந்து நாளுக்கு முன் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்துக் கடைசி முடிவை எடுங்கள். நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றினால், முதல் எண்ணாகவே இருந்தாலும், கேரவனைக் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ உள்ளே கொண்டுபோய்விடுங்கள். பக்கவாட்டில் காற்று வாங்கும் வண்டி அது. தென்னை மரத்தடியில் ஒருநாளும் நிறுத்தாதீர்கள், புயல் இல்லாவிட்டாலும் தேங்காய் விழும்.

மருத்துவ வசதியைப் பற்றிப் பயம் வேண்டாம். சிதம்பரம், நாகப்பட்டினம், திருவாரூர் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நான் சொன்ன நான்கு நிறுத்தங்களில் வேதாரண்யம் ஒன்றுதான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் அப்பா அம்மாவின் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு எடுத்து வாருங்கள்.

ஓட்டுநரை உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு இரவில் படுக்க மண்டபத்தில் ஓர் இடமும் கேட்டு வாங்குங்கள். தூங்காத ஓட்டுநரை நம்பிக் கரைச்சாலையில் போகக் கூடாது. மண்டபத்துக்குப் போன் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் முகப்பு வளைவின் உயரம் எத்தனை அடி என்று கேளுங்கள். வண்டி உள்ளே நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். அம்மாவிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மயிலாடுதுறை ஸ்டேஷனில் இறங்கியதும், கேரவன் பக்கத்திலேயே நிற்கும், ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு ஏறலாம் என்று.